செம்மண் தடத்திலிருந்து சயாம் பாதைக்கு

(“மோட்டார் சைக்கிள் பயணம்: வீண் ஆசையா, வாழ்க்கைப் பாடமா?” என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கெடாவில் ஒரு தமிழ்க் குடும்பம். இரவுச் சாப்பாட்டு நேரம். இருபத்து மூன்று வயதுப் பையன் மெல்லச் சொல்கிறான்: “அம்மா, மோட்டார் எடுத்துக்கிட்டு தாய்லாந்துக்குப் போகலாம்னு இருக்கேன்.” என்ன நடக்கும்? அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பார். “உனக்கென்ன பைத்தியமா?” என்பது முதல் கேள்வி. “யார் கூட?” என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்வியைப் பையன் காதில் வாங்கமாட்டான். இரண்டாவது கேள்விக்கு அவன் என்ன பதில் சொல்கிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்றைய உரை அந்தப் பதிலைப் பற்றியது.

பெற்றோரின் அச்சம் பொய்யல்ல

முதலில் பெற்றோர் பக்கம் நின்று பேசுவோம். 2019ஆம் ஆண்டில் மலேசியச் சாலைகளில் 6,167 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். தலைக்கவசம் கட்டாயம் என்று 1973ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்ட நாடு இது. அப்படியும் இந்த நிலைமை. நம் பட்டணங்களில் இளம் வயதுப் பிள்ளையின் படத்துக்கு மாலை போட்டிருக்கும் வீடுகள் எத்தனை என்று சொல்லத் தேவையில்லை. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் அப்படிப்பட்ட வீட்டைத் தெரியாதவர்கள் குறைவு.

ஆகவே, “போகாதே” என்று சொல்லும் தாயைப் பழைய காலத்து மனுஷி என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒன்று. “போகாதே” என்ற சொல்லால் மோட்டாரை நிறுத்திய வீடு உண்டா? அந்தப் பையன் நள்ளிரவில் நண்பர்களோடு நெடுஞ்சாலையில் போவான். அது அம்மாவுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தடை போட்டால் பயணம் நிற்பதில்லை, ஒளிந்துகொள்கிறது. ஒளிந்து போகிற பயணத்தில் பெரியவர்கள் யாரும் உடன் இருப்பதில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கப்சாய் வந்த கதை

மோட்டார் சைக்கிள் ஏதோ இந்தத் தலைமுறைக்குப் பிடித்த பித்து என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல. தோட்டத்துத் தமிழனின் முதல் சொந்த வாகனம் பெரும்பாலும் சைக்கிள். அடுத்தது கப்சாய் என்று நாம் அழைக்கும் சிறிய மோட்டார்.

ஹோண்டா நிறுவனத்தின் சூப்பர் கப், 1958ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு ஜப்பானுக்குச் சென்றிருந்த பினாங்கு வணிகர் லோ பூன் சியூ அதைப் பார்த்தார். மலாயாவில் விற்கும் உரிமையை வாங்கி வந்தார். சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பினாங்கில் பேருந்து கழுவிப் பிழைத்தவர் அவர். ஏழைக்கு என்ன வண்டி வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உலக அளவில் 2017ஆம் ஆண்டில் பத்துக் கோடியாவது சூப்பர் கப் தயாரிக்கப்பட்டது. வேறெந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

அந்த வண்டி தோட்டத்துக்கென்றே செய்தது போல் இருந்தது. கிளட்சுப் பிடி கிடையாது. சேலையோ கைலியோ கட்டியிருந்தாலும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறலாம். முன்னால் இருக்கும் கால் மறைப்பு சேற்றைத் தடுக்கும். பதினேழு அங்குலச் சக்கரம் குழியில் இறங்கி ஏறும். விடியற்காலையில் பெரட்டு முடிந்து நிரைக்குப் போகும் ஆணும் பெண்ணும் அதில் போனார்கள். பால் டின்னைப் பின்னால் கட்டிக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்பினார்கள். பிள்ளைகள் மூவரை ஏற்றிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்கும் போனார்கள்.

‘ஆஃப் ரோடு’ என்று இன்றைய இளைஞர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அதற்கென்று தனிச் சட்டை, தனிக் காலணி, விலையுயர்ந்த வண்டி. பால்மரக் காட்டில் வாழ்ந்தவர்களுக்கு அது அன்றாடம். தார்ச்சாலை அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம்.

பெரியவருக்குத் தெரிந்தது என்ன?

இப்போது ஒரு பெரியவரை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பீடோங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். வயது அறுபத்தைந்து. பெயர் வேண்டாம். கெடாவின் ஒவ்வொரு பட்டணத்திலும் அப்படி ஒருவர் இருக்கிறார். பத்து வயதில் அப்பாவின் மோட்டாரை லயத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் ஓட்டிப் பழகியவர். பிறகு தோட்டம் செம்பனையாக மாறியது, வேலை குறைந்தது, பட்டணத்துக்கு வந்து தொழிற்சாலையில் சேர்ந்தார். இப்போது ஓய்வு. மோட்டார் மட்டும் கூடவே இருக்கிறது.

இந்தப் பெரியவரையும் அந்த இருபத்து மூன்று வயதுப் பையனையும் ஒரு செம்மண் சாலையில் இறக்கிவிட்டால் என்ன நடக்கும்? பையனிடம் வேகம் இருக்கும். பெரியவரிடம் கணக்கு இருக்கும்.

காய்ந்த செம்மண் மாவு மாதிரி, சக்கரம் வழுக்கும். நனைந்த செம்மண் சவுக்காரம் மாதிரி. நின்ற இடத்திலேயே விழலாம். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் தூக்கி எறியப்படுவார். இறக்கத்தில் கியரைக் குறைத்து, எஞ்சினையே பிரேக்காக வைத்துக்கொள்ள வேண்டும். மேடு பள்ளத்தில் இருக்கையில் அழுந்தி உட்காராமல் கால் மிதியில் எழுந்து நிற்க வேண்டும். முன்னால் லாரி போனால் புழுதி அடங்கும்வரை பின்தங்க வேண்டும்.

இதையெல்லாம் பெரியவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவார். “பள்ளத்தைப் பார்க்காதே தம்பி, போக வேண்டிய இடத்தைப் பாரு. கண்ணு போற பக்கம்தான் மோட்டாரும் போகும்.” வெளிநாடுகளில் பணம் கட்டிப் படிக்கும் பயிற்சி வகுப்புகளிலும் முதல் பாடம் இதுதான்.

மூத்த தோழனும் இளைய தோழனும்

மூத்தவரும் இளையவரும் சேர்ந்து போன மோட்டார் பயணத்துக்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. 1951ஆம் ஆண்டு டிசம்பரில் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரிலிருந்து இருவர் புறப்பட்டார்கள். மூத்தவர் அல்பெர்டோ கிரனாடோ, வயது 29, உயிர்வேதியியல் படித்தவர். இளையவர் எர்னெஸ்டோ குவேரா, வயது 23, மருத்துவ மாணவர். பின்னாளில் ‘சே’ என்று உலகம் அழைத்தவர். அவர்கள் ஏறிச் சென்ற 500 சிசி நார்ட்டன் வண்டி கிரனாடோவுடையது. ஏற்கெனவே பழையது. சரளைச் சாலைகளில் பலமுறை விழுந்தார்கள். சிலி நாட்டில் வண்டி முற்றாகச் செத்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தும், லாரிகளில் தொற்றிக்கொண்டும், படகிலும் பயணம் தொடர்ந்தது.

குவேராவுக்குக் கடுமையான ஆஸ்துமா. இழுப்பு வந்தபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவர் கிரனாடோ. சிலியின் செம்புச் சுரங்கப் பகுதியில் வேலைக்கு அலைந்த தொழிலாளர் தம்பதியையும், பெருவில் தொழுநோயாளர் குடியிருப்பையும் அவர்கள் கண்டார்கள். 1952 ஜூலையில் வெனிசுலாவில் பிரிந்தார்கள். கிரனாடோ அங்கேயே வேலைக்குத் தங்கினார். குவேரா ஊர் திரும்பிப் படிப்பை முடித்தார். அவர் பின்னாளில் தேர்ந்த அரசியலை ஏற்பவரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. அது இங்கே பேச்சில்லை. தனியாகப் போயிருந்தால் அந்த இளைஞர் எத்தனை தூரம் போயிருப்பார் என்பதுதான் இங்கே கேள்வி.

எல்லைக்கு அப்பால்

இனி நம் பெரியவரும் பையனும் போகும் வழியைப் பார்ப்போம். புறப்பட நல்ல காலம் ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி வரை. கெடாவில் மழை குறைவு. பால்மரம் இலை உதிர்க்கும் நேரம். தென் தாய்லாந்தின் கிழக்குக் கரையில் நவம்பர், டிசம்பர் மாதத்துப் பெருமழை ஓய்ந்திருக்கும்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து குருண், அலோர்ஸ்டார், ஜித்ரா, சங்லூன் வழியாக புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அந்தச் சாலையிலேயே சரித்திரம் கிடக்கிறது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி தாய்லாந்துக் கரையில் இறங்கிய ஜப்பானியப் படை இதே வழியாகத்தான் உள்ளே வந்தது. ஜித்ராவில் பிரிட்டிஷ் தற்காப்பு இரண்டே நாளில் உடைந்தது. பிறகு குருண். சைக்கிளில் வந்த ஜப்பானியச் சிப்பாய்களைத் தோட்டத்து மக்கள் பார்த்தார்கள்.

எல்லையைத் தாண்டினால் சடாவ், ஹாட்யாய், பத்தலுங். அங்கிருந்து 41ஆம் எண் சாலை சூராட் தானி வழியாகச் சும்போன் வரை செல்கிறது. பிறகு உவா ஹின், பெட்சபுரி, ராட்சபுரி. எல்லையிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் போனால் காஞ்சனபுரி. கப்சாயில் நாளொன்றுக்கு முன்னூறு கிலோமீட்டர் என்று வைத்தால் நான்கு நாள். பாலிங் வழியாக பெத்தோங் போய்க் குறுக்கே செல்லலாமே என்று பையன் வரைபடத்தைக் காட்டுவான். 2004 முதல் யாலா, பட்டாணி, நராத்திவாட் மாநிலங்களில் வன்முறை விட்டு விட்டுத் தொடர்வது பெரியவருக்குத் தெரியும். “சுத்தி வந்தாலும் பரவாயில்லை தம்பி” என்பார். சாகசத்துக்கும் அசட்டுத் துணிச்சலுக்கும் நடுவில் கோடு போடத்தான் மூத்தவர் வேண்டும்.

காஞ்சனபுரியில் கேட்கும் கேள்வி

ஏன் காஞ்சனபுரி? உவா ஹின் கடற்கரை போதாதா? போதாது. நம்மவர்கள் போய்த் திரும்பாத ஊர் அது.

1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்ட சயாம் – பர்மா ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். ஜப்பானிய ராணுவம் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகளை அதில் வேலை வாங்கியது. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக ஆசியத் தொழிலாளர்களை வேலை வாங்கியது. மலாயாவின் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். கொஞ்ச மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டினார்கள். ஆசைக்கு மசியாதவர்களைப் பிடித்துப் போனார்கள். சரக்கு ரயிலில் பாடாங் பெசார் வழியாக பான் போங் வரை. அதன் பிறகு காட்டுக்குள் நடை. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா வந்தது. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர் தொகை பற்றிய மதிப்பீடுகள் வேறுபடுகின்றன; ஏறக்குறைய 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

காஞ்சனபுரி நகரில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள். புல் வெட்டப்பட்டு, பூச்செடி வைக்கப்பட்டு, பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கும். நம் பெரியவர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போவார். ஒரு தோட்டத் தொழிலாளியின் பெயரும் அங்கே இருக்காது. அது படைவீரர்களுக்கான இடம். நம்மவர்களுக்குப் பெயர்ப் பட்டியலே முழுமையாகக் கிடையாது. அந்த நகரின் தாவோன் வராராம் புத்தர் கோயில் வளாகத்தில் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளுக்கு ஒரு நினைவிடம் உண்டு. அண்மை ஆண்டுகளில் மலேசியர்களின் முயற்சியால் அங்கே தமிழர் மரபுப்படி நடுகல்லும் நாட்டப்பட்டிருக்கிறது.

பெரியவரின் தந்தை சயாமுக்குப் போய்த் திரும்பியவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படித் திரும்பியவர்களின் பிள்ளைகள் கெடாவில் இன்னும் இருக்கிறார்கள். திரும்பி வந்தவர்கள் அதிகம் பேசவில்லை. மழை அதிகமாகப் பெய்த இரவில், கொஞ்சம் குடித்திருந்தபோது, ஏதோ இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார்கள். அந்த இரண்டு வார்த்தை இந்தப் பெரியவரிடம் இருக்கிறது. அவரோடு அது போய்விடும்.

காஞ்சனபுரியைத் தாண்டி 323ஆம் எண் சாலை மூன்று பகோடா கணவாயை நோக்கி மலையேறுகிறது. இரு பக்கமும் கரும்புக் காடு, மரவள்ளிக் காடு. உள்ளே பிரியும் செம்மண் தடங்கள். அப்படி ஒரு தடத்தில் பையனின் சக்கரம் பஞ்சராகிறது என்று வையுங்கள். பெரியவர் டியூபைக் கழற்றிக்கொண்டே மரவள்ளிச் செடியைப் பார்க்கிறார். “ஜப்பான்காரன் காலத்துல இதைத் தின்னுதான் உயிர் பிழைச்சோம்னு எங்கப்பா சொல்வாரு” என்று தொடங்குகிறார். வீட்டுக் கூடத்தில் முப்பது ஆண்டாகச் சொல்லாததை அந்தத் தடத்து ஓரத்தில் சொல்கிறார். பையன் கையில் டயர் நெம்பு. கைப்பேசி பையில். கேட்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை.

கணவாயை வெட்டித் திறந்த பாறை இடுக்கில், ‘நரக நெருப்புக் கணவாய்’ என்று கைதிகள் பெயரிட்ட இடத்தில், வண்டியை வெளியே நிறுத்திவிட்டு இருவரும் நடக்க வேண்டும். கையால் உளி பிடித்துக் குடைந்த துளைகள் பாறையில் இன்றும் தெரிகின்றன.

வேடிக்கை ஒன்றும் உண்டு. அந்தப் பாதையிலிருந்து உயிரோடு திரும்பியவர்களின் பிள்ளைகள்தான் பின்னாளில் மாதத் தவணையில் ஜப்பான் மோட்டார் வாங்கினார்கள். தகப்பனைக் கொண்டு போன நாட்டின் வண்டியில்தான் மகன் பால் சுமந்தான். அது துரோகமல்ல. பிழைக்கிறவர்கள் பகையைச் சுமந்துகொண்டே இருக்க முடியாது. ஆனால் நினைவைச் சுமக்கலாம்.

சில மறுப்புகள்

“சுற்றுலாப் பேருந்திலேயே போகலாமே?” தாராளமாகப் போகலாம். இடம் ஒன்றுதான். ஆனால் வீட்டுப் பையனைப் பேருந்தில் கூப்பிட்டுப் பாருங்கள். வரமாட்டான். மோட்டாருக்காக வருவான், வந்த பிறகு மற்றதையும் பார்ப்பான்.

“வயதானவர்கள் எல்லாரும் நல்ல வழிகாட்டிகளா?” இல்லை. குடித்துவிட்டு வண்டி ஓட்டும் பெரியவரும் உண்டு. தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறவரும் உண்டு. நரைத்த முடி மட்டும் தகுதியாகாது. அவர் எப்படி ஓட்டுகிறார் என்பதைத் தாய் தகப்பன் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும்.

“பெரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்?” நல்ல கேள்வி. பையன் அங்கேதான் வளர்கிறான். இரவில் பெரியவருக்குக் கண் மங்கும். ஆகவே பொழுது சாயும் முன் தங்கிவிட வேண்டும். சர்க்கரை மாத்திரையை நேரத்துக்கு நினைவூட்ட வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, தேத்தண்ணி வாங்கித் தந்து, முதுகை நிமிர்த்த விட வேண்டும். வீட்டில் அப்பாவுக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் எடுத்துத் தராத பிள்ளை இதைச் செய்வான். செய்துதான் ஆக வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

கடைசியாகக் காரியத்துக்கு வருவோம். கடப்பிதழ், ஓட்டுநர் உரிமம், வண்டியின் பதிவு ஆவணம் மூன்றும் வேண்டும். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதம் வேண்டும். நம் நாட்டுக் காப்புறுதி அங்கே தானாகச் செல்லாது. தாய்லாந்து மூன்றாம் தரப்புக் காப்புறுதி எடுக்க வேண்டும். சுங்கச் சாவடியில் வண்டியைத் தற்காலிகமாகக் கொண்டுவந்ததற்குத் தரும் தாளைத் திரும்பும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் வருகைப் படிவத்தை இணையம் வழி நிரப்ப வேண்டும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்க வேண்டும். மாற்று டியூப், பிளக், பிளக் கழற்றி, சங்கிலிக்கு எண்ணெய், கயிறு, மழைச் சட்டை. சுமையைத் தாழக் கட்ட வேண்டும். இவ்வளவும் ஒரு பால் டின் அளவுப் பெட்டிக்குள் அடங்கிவிடும்.

புறப்படும் முன் ஒரு சின்னப் பரீட்சையும் வைக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பெரியவர் பிறந்த தோட்டத்துக்குப் போய் வரட்டும். லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கலாம், வீட்டுமனைத் திட்டத்தின் வேலி நிற்கலாம். கோயில் மட்டும் இருக்கலாம். அந்தச் செம்மண் தடத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். அங்கே ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்கத் தெரிந்தவர்கள் ஆயிரம் கிலோமீட்டரும் போய் வரலாம்.

ஆகவே, தாய்மார்களே, அடுத்த முறை பிள்ளை “மோட்டாரில் போகிறேன்” என்று சொன்னால் கரண்டியைக் கீழே வைக்காதீர்கள். “யார் கூட?” என்று கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டால் பக்கத்து வீட்டுப் பெரியவரை ஒருநாள் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, பிள்ளையையும் உட்கார வையுங்கள். மோட்டாரைப் பற்றிப் பேச்சு தொடங்கும். சயாமில் போய் முடியும்.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். முழங்கால் வலிக்கிறது என்று மோட்டாரை விற்றுவிடாதீர்கள். கொஞ்ச நாள் பொறுங்கள். உங்களைக் கூப்பிட ஒரு பையன் வருவான்.